ஒரு புழு, நான்கு வைரஸ்: காரங்களை எண்ணிப் பார்த்தால் என்ன தெரியும்?

தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஒரு கை கூட்டை அள்ளி, காதோரம் குலுக்கிப் பார்த்தே தரம் சொல்லிவிடுகிற ஆட்கள் உண்டு. அங்காடிக்கு வராமலே போன கூடுகளின் கதை வேறு. பாலக்கோடு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டை பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களைக் கேட்டால் அதைச் சொல்வார்கள். நான்கு முறை தோல் உரித்து, ஐந்தாம் பருவத்துக்கு வந்து, தோட்டத்து மல்பெரி இலையில் பெரும்பங்கைத் தின்று தீர்த்த பிறகுதான் பல நேரம் நோய் வெளியே தெரியும். இலைக்கும் ஆள்கூலிக்கும் போட்ட பணம் எல்லாம் போட்டாகிவிட்டது, இன்னும் சில நாளில் கூடு கட்டுவதற்காகச் சந்திரிகைத் தட்டில் ஏற்ற வேண்டும் என்கிற நேரத்தில் புழு படுத்துக்கொள்ளும்.

அப்படிப் போகிற புழுக்களுக்கு ஊரில் பெரும்பாலும் இரண்டு பெயர்தான். உடம்பு ஊதி, கணுக்கணுவாகத் தடித்து, தட்டின் விளிம்பிலேயே ஓயாமல் சுற்றி, தோல் கிழிந்தால் வெள்ளையாக ஒழுகினால் அது பால் புழு. துறையினர் கிராசரி என்பார்கள். இலை எடுக்காமல், சுருங்கி, தளர்ந்து, தொட்டால் கொழகொழவென்று இருந்தால் பிளாச்சரி. பிளாச்சரி என்பது உண்மையில் ஒரு நோயின் பெயரல்ல, ஒரு தோற்றத்தின் பெயர். பாக்டீரியாவாலும் வரும், வெவ்வேறு வைரஸ்களாலும் வரும். கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம்.

இந்த இரண்டு பெயருக்குள் நான்கு வைரஸ்கள் இருக்கின்றன. பால் புழுவுக்குக் காரணம் என்பிவி எனப்படும் வைரஸ். அதன் மரபுப்பொருள் ஈரிழை டிஎன்ஏ. குடலைத் தாக்கி அதை வெள்ளையாக மாற்றும் சிபிவி வைரஸின் மரபுப்பொருள் ஈரிழை ஆர்என்ஏ. தொற்றுப் பிளாச்சரி வைரஸுக்கு ஓரிழை ஆர்என்ஏ. டென்சோ வைரஸுக்கு ஓரிழை டிஎன்ஏ. வைரஸ் உலகத்தில் மரபுப்பொருள் எத்தனை விதமாக இருக்க முடியுமோ அத்தனையும் ஒரே பூச்சியின் உடம்பில் கிடைக்கிறது. பிளஸ் டூ பாடத்தில் இந்த நான்கு வகைக்கும் நான்கு நாட்டு உதாரணம் தேடிக் கொடுக்க வேண்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற புழு மனையே போதும்.

சரி, ஒரு வைரஸ் கையில் இருக்கிறது, அதன் மரபுப்பொருள் இந்த நான்கில் எது என்று எப்படிச் சொல்வது? எழுத்து வரிசையைப் படிக்கும் கருவிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இதற்கு ஒரு வழி இருந்தது. மரபுப்பொருளை உடைத்து, அதில் எழுத்துகள் போல வரிசையாக நிற்கும் காரங்கள் (பேஸ் என்பார்கள்) ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று அளப்பது. வரிசை தெரிய வேண்டாம். அளவு மட்டும் போதும்.

அடினைன், குவானைன், சைட்டோசின் மூன்றும் டிஎன்ஏவிலும் உண்டு, ஆர்என்ஏவிலும் உண்டு. நான்காவது கார‌ம்தான் வேறு: டிஎன்ஏவில் தைமின், ஆர்என்ஏவில் யுராசில். ஆகவே நான்காவதாகக் கிடைத்தது எது என்று பார்த்தாலே முதல் கேள்வி தீர்ந்துவிடுகிறது. இரண்டாவது கேள்வி, இழை ஒன்றா இரண்டா என்பது. ஈரிழையில் ஒரு பக்கம் அடினைன் இருந்தால் எதிர்ப்பக்கம் தைமின் (ஆர்என்ஏ என்றால் யுராசில்) இருந்தே தீரும். குவானைனுக்கு எதிரே சைட்டோசின். அதனால் அடினைனும் தைமினும் சம அளவு, குவானைனும் சைட்டோசினும் சம அளவு. ஓரிழைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அடினைன் 24, தைமின் 33 என்று இருந்தாலும் அதைக் கேட்க ஆளில்லை.

இந்தச் சமன்பாட்டைக் கண்டவர் எர்வின் சார்காஃப். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்தார். அவர் காலத்துக்கு முன்பு, டிஎன்ஏவில் நான்கு காரமும் சரிசமமாக, ஆளுக்குக் கால் பங்காக இருக்கிறது என்றே பெரும்பாலானோர் நம்பினார்கள். எல்லா உயிருக்கும் ஒரே விகிதம் என்றால் அதில் என்ன செய்தி இருக்க முடியும்? அதனால் டிஎன்ஏவை ஒரு சலிப்பூட்டும் பொருளாகவே நினைத்தார்கள். சார்காஃபிடம் இரண்டு புதிய கருவிகள் இருந்தன: வடிதாளில் பொருள்களைப் பிரிக்கும் முறை, புறஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் நிறமாலைமானி. டிஎன்ஏவை அமிலத்தில் வேகவைத்து உடைப்பார். ஒரு சொட்டைத் தாளின் ஓரத்தில் வைத்துக் கரைப்பானை ஏறவிடுவார். ஒவ்வொரு காரமும் ஒவ்வொரு தூரம் ஏறி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, புறஊதா விளக்கில் கரும்புள்ளியாகத் தெரியும். அந்த இடத்தைக் கத்தரித்து, கரைத்து, அளந்துவிடலாம். 1950-ல் அவர் முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டார். விகிதம் உயிருக்கு உயிர் மாறுகிறது. ஆனால் அடினைனும் தைமினும் எப்போதும் ஏறக்குறைய சமம், குவானைனும் சைட்டோசினும் அப்படியே. ஏன் என்று அவர் சொல்லவில்லை. 1953-ல் டிஎன்ஏ இரண்டு இழைகள் பின்னிய இரட்டைச்சுருள் என்ற அமைப்பு வந்த பிறகுதான் காரணம் புரிந்தது. தன்னை ஓரங்கட்டிவிட்டார்கள் என்ற கசப்பு சார்காஃபுக்குக் கடைசி வரை இருந்தது. அந்தக் கசப்பில் நியாயம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது.

நம் புழுவுக்கு வருவோம். சார்காஃபின் முறையைப் பூச்சி வைரஸ்களுக்குக் கொண்டுவந்தவர் கனடாவில் பணியாற்றிய ஜெரார்ட் வயட். பூச்சி நோய்களை ஆராய்கிற ஒரு கூடத்தில் இருந்தார். அவருக்குக் கிடைத்தவற்றில் காட்டு மரங்களை மொட்டையடிக்கிற கம்பளிப்பூச்சிகளின் வைரஸ்களும் இருந்தன. என்பிவி வகை வைரஸ்களுக்கு ஒரு வசதி உண்டு. அவை புரதப் படிகத்துக்குள் பொதிந்து கிடக்கும். பால் புழுவின் அந்த வெள்ளைத் திரவத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் பளபளவென்று பல முகங்கள் கொண்ட மணிகளாகத் தெரிபவை இந்தப் படிகங்கள்தான். தண்ணீரில் கரையாது, வெயில் மழைக்கு எளிதில் அசையாது. புழு மனையில் ஒரு தடவை வந்த நோய் அடுத்த வளர்ப்பிலும் திரும்ப வருவதற்கு இதுவே காரணம். ஆனால் காரத்தன்மை கொண்ட திரவத்தில் கரைந்துவிடும். பட்டுப்புழுவின் குடல் அப்படிப்பட்டது. இலையோடு உள்ளே போன மணி அங்கே கரைந்து வைரஸை அவிழ்த்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் குடலுக்குப் பதிலாக நீர்த்த சோடியம் கார்பனேட்டைப் பயன்படுத்துவார்கள். அப்படிப் பிரித்த வைரஸின் மரபுப்பொருளை வயட் உடைத்துப் பார்த்தார். 1952-ல் வெளியான முடிவு: டிஎன்ஏ, அடினைனும் தைமினும் சமம், குவானைனும் சைட்டோசினும் சமம்.

பட்டுப்புழு என்பிவியின் முழு வரிசையும் இப்போது தெரியும். ஏறத்தாழ 1,28,000 கார இணைகள். குவானைனும் சைட்டோசினும் சேர்ந்து 40 சதவீதம். மீதி 60. ஈரிழை என்பதால் வேறு எதுவும் தெரியாமலே மிச்சத்தை நாமே போட்டுவிடலாம்: அடினைன் 30, தைமின் 30, குவானைன் 20, சைட்டோசின் 20. ஓரிழை வைரஸுக்கு இந்தக் கணக்கு ஓடாது. இரண்டின் கூட்டுத்தொகை தெரிந்தாலும் தனித்தனி அளவு தெரியாது.

"சமம்" என்பதை எவ்வளவு கறாராக எடுத்துக்கொள்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். பாடநூல்களில் வழக்கமாகத் தருகிற மனித டிஎன்ஏ அளவுகளைப் பாருங்கள்: அடினைன் 30.9, தைமின் 29.4, குவானைன் 19.9, சைட்டோசின் 19.8. அடினைனுக்கும் தைமினுக்கும் இடையே ஒன்றரை சதவீதம் இடிக்கிறது. அது அளவைப் பிழை. மனித டிஎன்ஏ ஈரிழை என்பதில் சந்தேகமில்லை. இப்போது ஃபை எக்ஸ் 174 என்ற பாக்டீரியா வைரஸ். கலிஃபோர்னியாவில் ராபர்ட் சின்ஷைமர் அதை அளந்து 1959-ல் வெளியிட்டார். அடினைனை ஒன்று என்று வைத்தால் தைமின் 1.33, குவானைன் 0.98, சைட்டோசின் 0.75. சதவீதத்தில் சொன்னால் அடினைன் 24.6, தைமின் 32.8, குவானைன் 24.1, சைட்டோசின் 18.5 என்கிற அளவில் வரும். எட்டு சதவீத இடைவெளி அளவைப் பிழையாக இருக்க முடியாது. டிஎன்ஏ என்றாலே இரட்டை இழை என்று இரட்டைச்சுருளின் புகழில் எல்லோரும் நம்பத் தொடங்கியிருந்த நேரம் அது. சின்ஷைமர் இந்த எண்களை மட்டும் நம்பி நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஃபார்மால்டிஹைடோடு சேர்த்துப் பார்த்தார்: இணை சேர்ந்த காரங்கள் உள்ளே ஒளிந்திருப்பதால் அதோடு எளிதில் வினைபுரியாது, தனியாக நிற்பவை வினைபுரியும். ஃபை எக்ஸ் 174-ன் டிஎன்ஏ வினைபுரிந்தது. இதே வைரஸின் டிஎன்ஏதான் 1977-ல் ஃபிரெடரிக் சாங்கர் குழு முழு வரிசையும் படித்த முதல் டிஎன்ஏ மரபுத்தொகுதி.

ஆர்என்ஏ பக்கத்தில் ஓரிழைக்குப் புகையிலைத் தேமல் வைரஸ் பழைய உதாரணம். அதில் அடினைன் ஏறத்தாழ 30, யுராசில் 26, குவானைன் 25, சைட்டோசின் 19. எந்த ஜோடியும் பொருந்தவில்லை. ஆர்என்ஏ என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற எண்ணம் 1963-ல் உடைந்தது. ரியோ வைரஸ் என்ற இன்னொரு வைரஸை ஆராய்ந்த கோமாட்டோஸ், டாம் இருவரும் அதன் ஆர்என்ஏவில் அடினைனும் யுராசிலும் சமம், குவானைனும் சைட்டோசினும் சமம் என்று காட்டினார்கள். பட்டுப்புழுவின் சிபிவி இதே குடும்பம். ஜப்பானிய ஆய்வாளர்கள் அறுபதுகளில் அதன் ஆர்என்ஏவும் ஈரிழை என்று நிறுவினார்கள். பத்துத் துண்டுகளாக இருக்கிறது.

ஒளி நுண்ணோக்கியில் என்பிவியின் மணியும் சிபிவியின் மணியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஒன்று செல்லின் உட்கருவுக்குள் உருவாகும், மற்றது வெளியே சைட்டோபிளாசத்தில். அரைத்துக் குழப்பிய மாதிரியில் அந்த வித்தியாசம் போய்விடும். உள்ளே இருப்பது தைமினா யுராசிலா என்று பார்த்தால் குழப்பமே இல்லை. இந்தச் சிபிவி வேறொரு விதத்திலும் பெயர் பெற்றது. நம் உடம்பில் தகவல் ஆர்என்ஏக்களின் (எம்ஆர்என்ஏ) முனையில் ஒரு மூடி மாதிரி அமைப்பு இருக்கிறதல்லவா, அதைக் கண்டுபிடிக்க உதவிய பொருள்களில் இந்த வைரஸும் ஒன்று. எழுபதுகளின் நடுவில் ஃபுருயிச்சியும் மியூராவும் செய்த வேலை. கொரோனா தடுப்பூசிக்குள் இருந்த ஆர்என்ஏவுக்கும் அந்த மூடி போட வேண்டியிருந்தது. புழு நோய் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

இதுவரை எல்லாம் ஒழுங்காகப் போகிறது. நீட் பயிற்சிப் புத்தகங்களும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன: யுராசில் இருந்தால் ஆர்என்ஏ, இணைகள் சமம் என்றால் ஈரிழை, சமமில்லை என்றால் ஓரிழை. அடினைன் 15, யுராசில் 35, குவானைன் 30, சைட்டோசின் 20 என்று கொடுத்து வகை கேட்டால், ஓரிழை ஆர்என்ஏ என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்த மூன்று வரியும் ஒரே பலம் கொண்டவை அல்ல. சமமில்லை என்றால் ஈரிழை இல்லை என்று அடித்துச் சொல்லலாம். சமம் என்பதை வைத்து ஈரிழை என்று அப்படி அடித்துச் சொல்ல முடியாது. இந்த விதி ஒரு பக்கம்தான் வெட்டும். இதைக் காட்டுவதற்கும் வெளியே போக வேண்டாம், நான்காவது வைரஸ் இருக்கிறது.

டென்சோ வைரஸின் ஒவ்வொரு துகளுக்குள்ளும் இருப்பது ஓரிழை டிஎன்ஏ. ஆனால் எல்லாத் துகளிலும் ஒரே இழை இல்லை. ஏறக்குறைய பாதித் துகள்களில் ஒரு இழை, மீதிப் பாதியில் அதன் எதிரிழை. கோயில் வாசலில் இடது கால் செருப்பை எல்லாம் ஒரு மூட்டையாகவும் வலது கால் செருப்பை எல்லாம் இன்னொரு மூட்டையாகவும் கட்டி வைத்தது போல. மொத்தமாக எண்ணினால் இடதும் வலதும் சமம். எந்த மூட்டையைப் பிரித்தாலும் ஒரு ஜோடிகூடத் தேறாது. காரங்களை அளப்பவர் கோடிக்கணக்கான துகள்களை ஒன்றாகப் போட்டு உடைக்கிறார். அவருக்குக் கிடைப்பது அடினைனும் தைமினும் சமம், குவானைனும் சைட்டோசினும் சமம் என்ற விடைதான். விதியை அப்படியே பிடித்துக்கொண்டால் ஈரிழை டிஎன்ஏ என்று எழுதிவிடுவார்.

இதைவிட மோசமான சிக்கல் ஒன்றும் உண்டு. டிஎன்ஏவை உடைக்காமல், துகளிலிருந்து முழுசாகப் பிரித்தெடுத்தாலும் ஏமாறலாம். துகள்கள் உடைந்ததும் இழையும் எதிரிழையும் கரைசலில் ஒன்றையொன்று தேடிப் பிடித்துச் சேர்ந்துகொள்கின்றன. குழாயில் இருப்பது இப்போது உண்மையான ஈரிழை. சூடாக்கிப் பார்த்தாலும் ஈரிழை மாதிரியே நடந்துகொள்ளும். இந்த மாய்மாலத்தை அவிழ்த்தது இதே பெருங்குடும்பச் சாயல் கொண்ட, அடினோ வைரஸின் துணையோடு பெருகும் ஏஏவி என்ற சின்ன வைரஸில் 1969-ல் நடந்த ஒரு சோதனை. தைமினுக்குப் பதிலாகப் புரோமின் ஏற்றிய ஒரு காரத்தைக் கொடுத்து வளர்த்தால் வைரஸின் டிஎன்ஏ கனமாகிவிடும். கனமான துகள்களையும் சாதாரணத் துகள்களையும் முதலில் கலந்தார்கள். அப்புறம்தான் டிஎன்ஏவைப் பிரித்தார்கள். துகளுக்குள்ளேயே ஜோடியாக இருந்திருந்தால் கிடைக்க வேண்டியது கனமான டிஎன்ஏ, லேசான டிஎன்ஏ என்ற இரண்டு மட்டும். கிடைத்ததோ நடுத்தர எடையில் ஒரு கலப்பு: ஒரு இழை கனம், ஒரு இழை லேசு. அந்த ஜோடி துகளுக்கு வெளியே வந்த பிறகுதான் சேர்ந்திருக்க முடியும். டென்சோ வைரஸ்களிலும் எழுபதுகளில் இதே கதைதான் வெளிவந்தது. பட்டுப்புழுவின் டென்சோ வைரஸ்களில் ஒன்றுக்கு மரபுத்தொகுதி இரண்டு துண்டு. அவையும் தனித்தனித் துகளில் அடைபடுகின்றன. அதனால் அதை இப்போது டென்சோ வைரஸ் குடும்பத்திலிருந்தே பிரித்துத் தனிக் குடித்தனம் வைத்துவிட்டார்கள்.

ஒரு நீண்ட ஈரிழை டிஎன்ஏவின் இழைகளைப் பிரித்து ஒன்றை மட்டும் எடுத்து அளந்தாலும் அடினைனும் தைமினும் கிட்டத்தட்டச் சமமாகவே வருகின்றன என்பதும் குழப்பத்தைக் கூட்டுகிறது. 1968-ல் ஒரு பாக்டீரியாவின் டிஎன்ஏவில் இதைக் காட்டியவர்களில் சார்காஃபும் ஒருவர். தன் விதியின் ஓட்டையைத் தானே காட்டிய பெருமை அவருக்கு உண்டு.

யுராசில் இருந்தால் ஆர்என்ஏ என்ற முதல் வரியிலும் ஒரு சின்ன ஓட்டை. பேசில்லஸ் பாக்டீரியாவைத் தாக்கும் பிபிஎஸ் வகை வைரஸ்களின் டிஎன்ஏவில் தைமினே கிடையாது, அதன் இடத்தில் யுராசில். 1963-ல் கண்டார்கள். யுராசிலைப் பார்த்து ஆர்என்ஏ என்று சொன்னவர் தோற்றுவிடுவார். சர்க்கரையைப் பார்த்தால் தப்பிக்கலாம்: ரைபோஸா, டிஆக்ஸிரைபோஸா. அதற்கு எளிய சோதனை, காரத்தன்மை கொண்ட கரைசலில் ஒரு இரவு ஊறவைப்பது. ஆர்என்ஏ துண்டு துண்டாகும், டிஎன்ஏ அசையாது. இன்னொரு விசித்திரத்தைக் கண்டவர் நம் வயட். அவரும் கோஹன் என்ற ஆய்வாளரும் ஆராய்ந்த சில பாக்டீரியா வைரஸ்களில் சைட்டோசினே இல்லை. அதன் இடத்தில் கொஞ்சம் மாறுபட்ட வேறொரு காரம் உட்கார்ந்திருந்தது. இவையெல்லாம் பாக்டீரியா வைரஸ்கள். பட்டுப்புழுவின் நான்கிலும் இந்தத் தொல்லை இல்லை.

புழுவில் இருக்கிற தொல்லை மாதிரி எடுப்பதில்தான். செத்த புழுவை அப்படியே அரைத்து அளந்தால் கிடைப்பதில் புழுவின் சொந்த டிஎன்ஏ நிறைய இருக்கும். அது ஈரிழை, எண்கள் சமமாகவே வரும். குடலில் இலைத் துணுக்கு இருக்கும், பாக்டீரியா இருக்கும். அதனால் துகள்களைப் பிரித்துச் சுத்தம் செய்யாமல் காரங்களை எண்ணுவதில் பொருளே இல்லை. சுத்தம் செய்தாலும், செல்லுக்குள் பெருகிக்கொண்டிருக்கும் நிலையில் எடுக்கக் கூடாது: ஓரிழை வைரஸ்கள் பெருகும்போது இடைக்கட்டமாக ஈரிழையாகின்றன. முழுதாக முடிந்து, உறைக்குள் அடைபட்ட துகள்தான் வேண்டும்.

இன்று யாரும் ஒரு புது வைரஸை வடிதாளில் பிரித்து அளப்பதில்லை. வரிசையையே படித்துவிடுகிறார்கள், எண்ணிக்கை தானாக வந்துவிடும். ஆனால் வரிசை படிக்கும் கருவி தருவது எழுத்து மட்டுமே. அந்த எழுத்துகள் துகளுக்குள் ஒற்றையாக இருந்தனவா ஜோடியாக இருந்தனவா என்று அது சொல்லாது. சொல்லப்போனால் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக நகலெடுத்துப் படிக்கிற முறையில் யுராசில்கூடத் திரையில் தைமினாகவே தெரியும். பழைய கேள்விகள் அப்படியே நிற்கின்றன.

நோய் கண்டுபிடிக்கும் சோதனையை எப்படி வைப்பது என்பதும் இந்த வகைப் பிரிவில்தான் இருக்கிறது. என்பிவிக்கும் டென்சோ வைரஸுக்கும், டிஎன்ஏவைப் பல நகலாகப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனையை நேரடியாக வைக்கலாம். தொற்றுப் பிளாச்சரி வைரஸுக்கு, கொரோனா காலத்தில் எல்லோரும் கேள்விப்பட்ட ஆர்டி-பிசிஆர் வேண்டும். முதலில் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக நகலெடுக்க வேண்டுமே. சிபிவிக்கு அதற்கும் முன்னால் ஒரு படி: இறுக்கமாகப் பின்னிய ஈரிழையைச் சூடாக்கிப் பிரித்தாக வேண்டும், இல்லையென்றால் நகலெடுக்கும் நொதிக்கு உட்கார இடம் கிடைக்காது, வைரஸ் இருந்தும் சோதனை இல்லை என்று சொல்லிவிடலாம். பிளாச்சரி என்று மட்டும் எழுதி ஒரு புழுவை ஆய்வுக்கு அனுப்பினால், வாங்குகிறவர் டிஎன்ஏவுக்கு ஒரு முறை, ஆர்என்ஏவுக்கு ஒரு முறை என்று இரண்டு வழியாகவும் பிரித்தெடுத்துத்தான் தொடங்க வேண்டும். மனையில் செய்ய வேண்டியது மட்டும் நான்குக்கும் ஏறக்குறைய ஒன்றே. நோய்ப் புழுவைக் கையால் நசுக்காமல் பொறுக்கி, பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் கலந்த சட்டியில் போட்டுப் புதைப்பது; அடுத்த முட்டைத் தொகுதி வருவதற்குள் மனையையும் தட்டையும் கழுவிக் கிருமிநீக்கம் செய்வது.